பொன்னாடை கிடைக்காத ஒரு வரலாற்றுப் பக்கம்

பேஸ்புக்கில் யாழ்ப்பாண வரலாறு எழுதுகிற பக்கங்களுக்குக் குறைவில்லை. பழைய படம் ஒன்று, மேலே 'தமிழன் பெருமை', கீழே ஷேர் பண்ணச் சொல்லி ஒரு கட்டளை, அவ்வளவுதான். மூன்று வருடமாக நான் வாசித்து வருகிற பக்கம் அப்படியில்லை. பெயரைப் போடலாமா என்று கேட்டேன், "வேண்டாம் தம்பி, வாசிச்சால் போதும்" என்றார் நடத்துகிறவர். அதனால் பெயரில்லாத பாராட்டு இது.

முதலில் என்னைப் பிடித்து இருத்தியது, யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த எழுத்துப் பொறித்த பழைய முத்திரை பற்றிய பதிவு. 1980 இல் யாழ் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பெருங்கற்காலப் புதைகுழியில் எலும்புக்கூட்டோடு கிடைத்தது என்று எல்லோரும் எழுதுவார்கள். இவர் படத்தைப் பெரிதாக்கி, மேல் வரியில் மூன்று குறியீடு, கீழே பிராமி என்கிற பழங்கால வரிவடிவத்தில் மூன்று எழுத்து என்று ஒவ்வொன்றாகக் காட்டி, 'கோவேத' என்பதுதான் பரவலான வாசிப்பு, வேறு விதமாக வாசித்தவர்களும் உண்டு, அவர்கள் சொல்லும் காரணம் இது என்று எழுதியிருந்தார். கீழே ஒருவர் "அரச முத்திரை!" என்று குதிக்க, "கோ எண்டால் ஊர்த் தலைவனாகவும் இருக்கலாம் அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்று பதில். சிரித்துவிட்டேன்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பற்றிய பதிவும் அப்படித்தான். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயில் இருந்தது முத்திரைச்சந்தைத் தேவாலயப் பக்கம், இப்போதைய கோயில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் 1734 இல் தொடங்கியது. முதலில் 1743 என்று மாற்றி அடித்திருந்தார். ஒரு வாசகர் சுட்டிக்காட்டியதும் சத்தமில்லாமல் அழித்துவிட்டு நல்ல பிள்ளையாக இருந்திருக்கலாம், ஆனால் பிழையை அப்படியே விட்டுக் கீழே 'திருத்தம்' என்று போட்டு அவருக்கு நன்றியும் சொன்னார். 2005 இலிருந்து இயங்கும் 'நூலகம்' என்கிற இணையத்தளத்தில் இருக்கும் பழைய புத்தகங்களைப் பக்க எண்ணோடு காட்டுவதால் நாமே திறந்து பார்த்துவிடலாம்.

சரி, குறை. பந்தி பிரிக்க மாட்டார், பஸ்ஸில் போனில் வாசித்தால் கண் வலிக்கும். பழைய பதிவைத் தேடி எடுப்பதும் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற மாதிரி, இதை எழுதுவதற்காக முத்திரைப் பதிவைத் தேடியே அரை மணித்தியாலம் போய்விட்டது.

எனக்குப் பொறுக்காதது வேறு. போன வருடம் ஒரு விழா மலரில் நல்லூர்ப் பதிவு சொல்லுக்குச் சொல் வந்திருந்தது, மேலே இன்னொருவர் பெயர், மேடையில் அவருக்குப் பொன்னாடையும். திருத்தத்தைக்கூடப் பார்க்காமல் 1743 என்றே அச்சடித்திருந்தார்கள். தன் பெயர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடம் காலி என்று அர்த்தமா? பிடித்தால் ஷேர் பட்டனை அழுத்துங்கள், கொப்பி பண்ணாதீர்கள்.

ஐந்துக்கு நாலரை. அரைப் புள்ளி அந்தப் பந்திகளுக்கு.