குடியாத்தம் ஆற்றங்கரைப் படிப்பகம்: பிளானும் சோலாரும் போட்டுக் கொடுத்தவர்களின் வேலை எப்படி?

கவுண்டன்ய ஆற்றங்கரையில் எங்கள் தெருக்காரர்கள் பணம் போட்டுக் கட்டிய படிப்பகத்துக்கு பிளான் போட்டதிலிருந்து சோலார் மாட்டியது வரை எல்லாம் வேலூரில் இருக்கும் ஒரு சின்ன டிசைன் ஆபீஸ்தான். ஆற்றோரமாக நூலகமோ டியூஷன் சென்டரோ கட்ட நினைக்கிறவர்கள் நிறைய பேர் விசாரிக்கிறார்கள், அதனால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு முதலில் பிடித்துப்போனது, இடம் பார்க்க வந்தவர்கள் டேப்பை எடுப்பதற்கு முன்னாடி பக்கத்து வீட்டு ஆயாவிடம் போய் உட்கார்ந்தது. “ஆயா, 2021 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சு?” என்று கேட்டார் அந்த இன்ஜினியர் பெண். ஆயா உள்ளே கூட்டிப்போய் காலண்டர் மாட்டியிருந்த ஆணியைக் காட்டினார். “இதுக்கு ஒரு சாண் கீழ நின்னுச்சும்மா, எல்லாம் ராத்திரியோட ராத்திரியா.” அந்த இடத்திலிருந்து லெவல் டியூப் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்து எங்கள் மனையில் கோடு போட்டார்கள். நூலகம் இருக்கும் மேல்தளம் அந்தக் கோட்டுக்கும் மூன்றடி மேலே. 2021 நவம்பரில் எங்கள் ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் மோர்தானா அணை நிரம்பி வழிந்தபோது குடியாத்தம் என்ன பாடுபட்டது என்று பார்த்தவர்களுக்கு அந்த மூன்றடி ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை, எங்கள் ஆறு போய்ச் சேரும் பாலாற்றில் 1903-க்கு அப்புறம் வந்த பெரிய வெள்ளம் அதுதான் என்கிறார்கள், அதைவிடப் பெரியது வராது என்று யார் சொல்ல முடியும்.

மனை பட்டா நிலம்தான், ஆனாலும் ஆற்றுப் புறம்போக்கில் ஒரு அடிகூட வரவில்லை என்று சர்வேயர் அளந்து காட்டிய பிறகுதான் பிளானில் கை வைத்தார்கள்.

நாங்கள் கேட்டது மண் கொட்டி மேடாக்கி அதன் மேல் கட்டுவது, ஊரில் எல்லோரும் செய்வது அதுதானே. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நாம் மேடாக்கினால் நம் இடத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் ஆயா வீட்டுக்குள் போகும் என்றார்கள். சரி என்று தூண் மேல் நிறுத்தினோம். எங்கள் பையன் ஒருவன் வங்கதேசத்தில் 2019-ல் ஆகா கான் கட்டிடக்கலை விருது வாங்கிய மூங்கில் பள்ளியின் படத்தைக் காட்டி, இதே மாதிரி தண்ணீர் ஏறினால் கூடவே மிதக்கிற கட்டிடம் வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்: அங்கே தண்ணீர் மெதுவாக ஏறி மாதக்கணக்கில் நிற்கும், நம் ஆறோ வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடந்துவிட்டு திடீரென்று மரம் மட்டையோடு பாய்ந்து வரும், மிதக்கிற பொருளை அது அடித்துக்கொண்டு போய்விடும். நைஜீரியாவின் லாகோஸில் 2013-ல் கட்டிய மிதக்கும் பள்ளி 2016-ல் மழையில் சரிந்ததையும் சொன்னார்கள்.

கீழ்த்தளம் தையல் வகுப்புக்கும் கூட்டத்துக்கும். தண்ணீர் உள்ளே வரட்டும், வந்த வழியே போகட்டும் என்று வைத்து வடிவமைத்திருக்கிறார்கள். ஆற்றுப் பக்கமும் தெருப் பக்கமும் சுவரே கிடையாது, மடக்குக் கம்பிக் கதவுதான், தரை ஆற்றுப் பக்கமாகச் சரிவு. செப்டிக் டேங்க் வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு போட்டிருப்பதால் வெள்ளத்தில் கழிவு திரும்பி மேலே வராது. மின்வயர் எல்லாம் மேலிருந்து கீழே இறங்குகிறது, ஈபி மீட்டர் மாடிப்படி நடுத்தளத்தில், கீழ்த்தளத்துக்குத் தனி பிரேக்கர். அதை மட்டும் இறக்கிவிட்டால் மேலே விளக்கு எரியும். எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் கீழே இடுப்பளவில் சுவிட்ச் போர்டு வைத்துப் பூசியும் விட்டார், அதை இன்ஜினியர் அம்மா நின்று உடைக்க வைத்துத் தலைக்கு மேல் மாற்றினார்.

சோலார் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஈபி லைனோடு மட்டும் சேர்த்த சாதாரண ஆன்-கிரிட் சோலார், ஈபி கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வெள்ளம் வந்தால் ஈபியில் முதலில் லைனைத்தான் நிறுத்துவார்கள், அப்போது கூரையில் பேனல் இருந்தும் இருட்டுதான். எங்களுக்கு 3 கிலோவாட் பேனல், ஈபி போனாலும் பேட்டரியை வைத்து ஓடுகிற ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 5 யூனிட் கரண்ட் சேமிக்கிற லித்தியம் பேட்டரி. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு சுமார் 4 யூனிட் கிடைக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதில் கால்வாசி வந்தாலே பெரிது, வெள்ளம் வருவதும் அந்த நாட்களில்தான். அதனால் கணக்கை மழை நாளை வைத்துத்தான் போட்டார்கள். ஃபேன் எல்லாம் கரண்ட் குறைவாக இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி மோட்டார் ஃபேன், பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். ஆறு ஃபேன், பத்து டியூப்லைட், ஐந்து லேப்டாப் என்று எல்லாம் சேர்ந்து ஓடினாலும் பேட்டரி ஆறு மணி நேரம் தாங்குகிறது. வெறும் விளக்கும் போன் சார்ஜும் என்றால் ராத்திரி முழுக்க.

குறைகள் இல்லாமல் இல்லை. மேற்பார்வைக் கட்டணம் தனி என்பதை அஸ்திவாரம் தோண்டிய பிறகுதான் சொன்னார்கள், வசூல் பணத்தில் கட்டுகிறவர்களுக்கு அது பெரிய இடி. பேனல் கழுவ மாடியில் தண்ணீர்க் குழாயே வைக்கவில்லை, குடம் தூக்குகிறோம். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலுக்கு மேல்தளம் மத்தியானம் உட்கார முடியாத அளவு காய்கிறது, பேனல் நிழல் விழும் பக்கம் மட்டும்தான் பரவாயில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு மனசு ஆறாதது, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை நூலகத்துக்கு ஏற வழியில்லை. நூலகத்தை மாடிக்குக் கொண்டுபோனவர்கள் சாய்தளத்தையும் முதல் பிளானிலேயே போட்டிருக்க வேண்டும், இப்போது தெருப் பக்கமாகப் போட்டுத் தருகிறோம் என்று வரைபடம் கொடுத்திருக்கிறார்கள், அதற்கான பணம் நாங்கள் இன்னும் சேர்க்க வேண்டும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். இவர்களிடம் போகிறவர்கள் கட்டணம் மொத்தத்தையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சாய்தளத்தையும் மாடிக் குழாயையும் வாய்விட்டுக் கேளுங்கள்.