மனச்சோர்வுக்குச் செயல்வழி சிகிச்சை: வட சென்னைப் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

இந்தச் சிகிச்சை முறைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. அதோடு ‘இதையெல்லாம் செய்’ என்று கையில் கொடுக்கிற அச்சடித்த பட்டியலுக்கு ஒன்றுதான்.

‘மூடு வந்தா செய்யலாம்’ என்பதைத் திருப்பி, ‘செய்தா மூடு வரும்’ என்று போடுவதே இந்தச் செயல்வழி சிகிச்சை, ஆங்கிலத்தில் பிஹேவியரல் ஆக்டிவேஷன். மனசு சரியில்லாத பையன் விளையாடப் போவதை நிறுத்துகிறான், கூட்டாளிகள் கூப்பிடுவதை நிறுத்துகிறார்கள், சோர்வு இன்னும் ஏறுகிறது. இந்தச் சுழலைச் செயலால் வெட்டுகிறார்கள். பெரியவர்களிடம் 2016-ல் பிரிட்டனில் வெளியான கோப்ரா ஆய்வில், இது சிபிடி என்ற, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சைக்குக் குறையாத பலன் தந்தது, செலவும் குறைவு. டீன் ஏஜ் பிள்ளைகள் விஷயத்தில் ஆதாரம் அவ்வளவு கெட்டியில்லை.

முதல் வாரம் எதையும் மாற்றச் சொல்வதில்லை. மணிக்கொரு கட்டம் போட்ட தாள், என்ன செய்தோம், மனநிலை 0 முதல் 10-க்குள் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். பலருக்கு இங்கேயே சலித்துவிடும், இன்னொரு ஹோம்வொர்க் மாதிரி. ராத்திரி மொத்தமாக நிரப்பினால் 2, 2, 2 என்றே விழும். சோர்ந்த மனசுக்குச் சாயங்காலம் சிரித்தது ஞாபகம் இருக்காது. தினம் நாலு வேளை போனில் குறித்தால் போதும். ஒற்றை அறை வீட்டில் தாளை ஒளித்து வைக்கவும் இடமில்லை.

அடுத்தது செயலைத் தேர்ந்தெடுப்பது. பட்டியலில் கிட்டார், நீச்சல், தோட்ட வேலை! வியாசர்பாடியில் கேரமும் ஃபுட்பாலும் தெருவிலேயே இருக்கிறது, அதைக் கேட்டு எழுதுகிறவரே நல்ல கவுன்சலர். ‘தினமும் விளையாடு’ என்று எழுதினால் நடக்காது. ‘செவ்வாய் 5.30, கேரம் போர்டு பக்கத்தில் 10 நிமிஷம், ஆடாவிட்டாலும் பரவாயில்லை’ என்றால் நடக்கும். நடக்காவிட்டால் திட்டாமல் பாதியாகக் குறைக்க வேண்டும். மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வெளியே விடாத வீட்டுப் பெண்ணுக்கு மொட்டைமாடியும் ஒரு தோழியும் போதும்.

ரீல்ஸைத் தடுக்க வேண்டாம். பார்ப்பதற்கு முன்னும் பின்னும் மனநிலை எண்ணைக் குறிக்கச் சொன்னால், அது ஏற்றுகிறதா இறக்குகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அம்மா ‘எழுதினியா?’ என்று கேட்கக் கேட்க தாள் செத்துவிடும். அவருக்கு ஒரே வேலைதான்: 5.30-க்குத் தண்ணி பிடிக்க அனுப்பாமல் இருப்பது.

சாகலாம் என்ற பேச்சோ, சாப்பாடே இறங்காத நிலையோ வந்தால் தாள் போதாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.