‘ஃபைல் கரப்ட்’ என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கினார்

அப்பாவின் இரும்புக் கடை பாக்கிக் கணக்கு 1996 முதல் ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற பழைய தரவுத்தள மென்பொருளில்தான் ஓடியது. புது பில்லிங் மென்பொருளுக்கு மாற்றித் தரத் தெரிந்தவர் மூலம் ஒருவரைப் பிடித்தேன். பதிவுகள் இருக்கும் ஒரே ஒரு டிபிஎஃப் ஃபைலை பென்டிரைவில் எடுத்துப் போனார். மறுநாளே போன்: “சார், ஃபைல் கரப்ட் ஆயிருக்கு. ரெக்கவரி சார்ஜ் தனி.”

மொத்தம் 18,000 ரூபாய். வந்ததோ ஓர் எக்செல் ஷீட். அதை நம்பி, பாக்கி வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டேன். இரண்டாவது ஆளே பிடித்துக்கொண்டார்: “உங்கப்பா இருக்கும்போதே கட்டி முடிச்சாச்சே தம்பி!” எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம்தான் நானே உட்கார்ந்தேன். ஃபாக்ஸ்புரோவில் டெலிட் கொடுத்தால் பதிவு அழியாது. அதன் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். ‘பேக்’ (PACK) என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் நிஜமாகவே போகும். கடையில் யாரும் பேக் கொடுத்ததே இல்லை. மாற்றித் தந்தவர் அந்தக் குறியைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டிருக்கிறார். கணக்கு முடித்தவர்கள் எல்லாம் மறுபடி கடன்காரர்கள்!

அந்த ஷீட்டில் குறிப்பு நெடுவரிசையும் முழுக்கக் காலி. நீளமான குறிப்புகளுக்கான மெமோ புலத்தின் எழுத்து டிபிஎஃப்பில் இருக்காது, அதே பெயரில் பக்கத்திலேயே உள்ள எஃப்பிடி ஃபைலில் இருக்கும். அதை அவர் எடுத்துப் போகவே இல்லை.

கரப்ட் என்றாரே, அது? 64-பிட் புரோகிராமிலிருந்து திறந்து பார்த்திருப்பார் என்பது என் ஊகம். இந்த ஃபைல்களை மற்ற புரோகிராம்கள் படிக்க உதவும், விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் (ஃபாக்ஸ்புரோவின் பிந்தைய வடிவம்) ஓஎல்இ டிபி டிரைவர் 32-பிட்டில் மட்டும்தான் உண்டு. 64-பிட்டில் கூப்பிட்டால் அப்படி ஒரு டிரைவர் கணினியில் பதிவாகவே இல்லை என்று பிழை வரும். ஃபைலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஃபோல்டர் முழுவதையும் நகல் எடுத்து, பைத்தான் நிரல்மொழியில் டிபிஎஃப்ரீட் என்ற இலவச நிரல் நூலகத்தைப் போட்டேன். டிரைவரே தேவைப்படவில்லை. அழித்த பதிவுகளைத் தனியாகவே தருகிறது. எஃப்பிடி இல்லாவிட்டால் மெமோ ஃபைல் காணோம் என்று நின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு வரி, ஒரு சாயங்காலம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் அவர் போனை எடுப்பதில்லை. சரி, போகட்டும். நான் கூப்பிட்ட அந்தப் பெரியவரின் பதிவில், ஆங்கில எழுத்தில் அப்பா தமிழாகத் தட்டி வைத்திருந்த குறிப்பு இப்போது தெரிகிறது: ‘கணக்கு முடிஞ்சுது. இனி கேக்க வேண்டாம்.’