மோட்டார் கொட்டகைக்கும் வயலுக்கும் நடுவே எந்த ஒயர்?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் குறுவை வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் தண்ணீர் வைக்கிறோம். துளை போட்ட பிவிசி குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால் பம்புசெட் ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை. சென்சார் வரப்போரம், அதன் அளவைப் படித்து பம்பை ஓட்டும் போர்டு மோட்டார் கொட்டகையில். வம்பெல்லாம் நடுவில் கிடக்கும் 180 மீட்டரில்தான்.

முதலில் பார்த்தது ஐ2சி என்ற பேச்சு முறை, பிலிப்ஸ் 1982-இல் கொண்டுவந்தது, ஒரே போர்டில் இருக்கும் சில்லுகள் பேசிக்கொள்ள. இரண்டே கம்பி, சென்சாரும் மலிவு. ஆனால் கம்பியின் மொத்தக் கொள்திறன் (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு) 400 பிகோஃபாரடைத் தாண்டக் கூடாது, சாதாரண கேபிள் சில மீட்டரிலேயே அதைத் தின்றுவிடும். வீட்டு மேசையில் ஜோராக ஓடியது, 10 மீட்டர் கேபிள் போட்டதும் ஊமையாகிவிட்டது. சில்லுகள் பேசிக்கொள்ளும் இன்னொரு முறையான எஸ்பிஐக்கும் இதே கதிதான், கம்பி வேறு கூடுதல்.

அடுத்து எஸ்டிஐ-12, மண், நீர் அளவிகளுக்கென்றே வந்த பேச்சு முறை. 12 வோல்ட், மூன்று கம்பி, வேகம் 1200 பாட், அதாவது நொடிக்கு 1200 பிட். மெதுவுதான், நீர்மட்டம் என்ன ஓட்டப்பந்தயமா ஓடுகிறது? 'நீ யார்' என்று கேட்டால் தயாரிப்பாளர், மாடல் எல்லாம் சொல்லும், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் 60 மீட்டர்தான் கணக்கு, சென்சார் விலையும் கையைக் கடிக்கும்.

கடைசியில் தேர்ந்தது ஆர்எஸ்-485 என்ற இரு கம்பி இணைப்பு, அதன் மேலே யார் எப்போது என்ன பேசுவது என்று சொல்லும் மாட்பஸ். 1200 மீட்டர் வரை போகும். மோட்டார் கிளம்பும்போது ஏறும் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஏறும், ஆர்எஸ்-485 இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். ஸ்டார்ட்டரை இயக்கும் ரிலே சுவிட்சையும் அதே லைனில் மாட்டலாம். லைனின் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை வைக்க மறக்காதீர்கள், அப்புறம் எலி கடிக்காதபடி குழாய்க்குள் ஓட்டுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. வாங்கிய இரண்டு சென்சாரும் முகவரி (லைனில் அதைக் கூப்பிடும் எண்) 1 என்றே வந்தன, சேர்த்து மாட்டினால் இரண்டும் ஒன்றாகக் கத்தும். கட்டில்மேல் ஒவ்வொன்றாக மாட்டி மாற்றினேன். சென்சாருக்குள் எந்த ரெஜிஸ்டரில், அதாவது எந்த எண் அறையில், நீர்மட்டம் இருக்கிறது என்பது கடைக்காரர் தந்த துண்டுச்சீட்டில் மட்டும்தான் இருந்தது, அது சட்டையோடு துவைந்துவிட்டது. 1997-இல் வந்த ஐட்ரிபிள்இ 1451.2 என்ற தரநிலை இதற்குத்தான் வழி சொன்னது: வகை, அலகு, கேலிபரேஷன் (அளவு திருத்தக் கணக்கு) எல்லாம் சென்சாரோடு ஒட்டிய நினைவகத்திலேயே 'டெட்ஸ்' என்று இருக்கும், மாட்டினால் தானே ஒப்பிக்கும். எங்கள் ஊர்க் கடைகளில் அப்படி ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. என்னுடைய டெட்ஸ் இப்போதைக்குக் கொட்டகைக் கதவின் உள்பக்கம் பெயிண்டில் இருக்கிறது: 'வடக்குக் குழாய் 2, தெற்குக் குழாய் 3, ரிலே 5.'