எறும்பு பார்க்க ஒரு கிளிப் லென்ஸ்

செல்போன் கேமரா மேல் கிளிப் போல மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் இது, சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாகப் படம் எடுக்க உதவும். சென்னை ரிச்சி தெருவில் 500 ரூபாய்க்குள் வாங்கினேன். கடைக்காரர் நகை, பூ படங்களைக் காட்டித்தான் விற்றார். எனக்குத் தேவைப்பட்டது எறும்புக்கு.

ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். மத்திய, தென் அமெரிக்காவின் இலைவெட்டி எறும்புகளைப் பற்றிப் பேச்சு வந்தது. இலை விளிம்பில் பின்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, உடம்பைச் சுழற்றியபடி தாடையால் வளைவாக அறுக்கும். அதனால் பெரிய எறும்புக்குப் பெரிய துண்டு, சிறியதற்குச் சிறிய துண்டு. தன் எடையைவிடப் பல மடங்கு கனத்தைத் தூக்கிக்கொண்டு புற்றுக்கு நடக்கும். தின்பதற்கு அல்ல, அந்த இலையில் பூஞ்சை வளர்ப்பதற்கு. "நம்மூர் எறும்பும் அளவு பார்த்துத்தான் தூக்குமா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். அருமையான கேள்வி!

பள்ளி வேப்பமரத்தடியில் கிராஃப் தாளை விரித்து ரவை தூவினோம். ஒரு சின்னக் கட்டம் 1 மி.மீ. வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கட்டங்களை எண்ணினால் எறும்பின் நீளமும் ரவையின் அளவும் கிடைத்துவிடும். ரவையைக் கவ்வித் தலையை நிமிர்த்துவது, பாரம் முன்னால் சாயும்போது கால்களை அகட்டி வைப்பது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒரே வரிசையில் பெரிய தலையோடு சில எறும்புகளும் வந்தன. அவை ரவையைத் தொடவே இல்லை, சுமந்ததெல்லாம் சிறியவைதான். வேர்க்கடலைத் துண்டு வைத்ததும் அந்தப் பெருந்தலைகள் வந்து அரிய ஆரம்பித்தன. வகுப்பே தாளைச் சுற்றிக் குனிந்துவிட்டது.

குறைகளும் உண்டு. இரண்டு மூன்று செ.மீ. நெருக்கத்தில் பிடித்தால்தான் ஃபோகஸ் ஆகும். போனின் நிழலே எறும்பு மேல் விழுகிறது. கொஞ்சம் நகர்ந்தாலும் மங்கல். படத்தின் ஓரங்கள் எப்போதுமே கலங்கல்தான். கட்டெறும்பு ஓடுகிற வேகத்துக்கு இதை நம்பவே முடியாது. தடித்த போன் கவர் இருந்தால் கிளிப் வழுக்கும், கழற்றிவிடுங்கள்.

அப்புறம், மூன்று நான்கு கேமரா உள்ள போன் என்றால் லென்ஸ் எதன் மேல் உட்கார்கிறது என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பிள்ளைகளுக்கு என்றால் தயங்காமல் வாங்கலாம்.