பாய்மரப் போர்க்கப்பலைத் தேட: லாக்கா, மஸ்டரா, வரைபடமா?

பிரிட்டிஷ் கடற்படையின் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள இறங்கினால், கையில் எடுக்க மூன்று வழிகள் உண்டு. கேப்டனும், கப்பலை ஓட்டும் அதிகாரியான மாஸ்டரும் நாள்தோறும் எழுதிய லாக் புத்தகங்கள், ஆட்களின் பெயர்கள் உள்ள மஸ்டர் புத்தகங்கள், கப்பலின் கட்டுமான வரைபடங்கள். முதல் இரண்டும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரைபடங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில். நேரமும் காசும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு மஸ்டருக்கு.

அதற்கு முன் எந்தக் கப்பல் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வைக்கப்பட்டிருக்கிறது. கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி 1765இல் சாத்தம் துறையில் நீரில் இறங்கியது. அதற்கு முன்னால் இருந்த ஒரு விக்டரி 1744இல் ஆங்கிலக் கால்வாயில் ஒருவர்கூடத் தப்பாமல் மூழ்கிப்போனது. அதனால் பெயரோடு நீரில் இறங்கிய ஆண்டையும் சேர்த்தே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியல்களில் வரும் பீரங்கிக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். கரோனேட் என்ற குட்டைப் பீரங்கிகளை 1817 வரை பெரும்பாலும் கணக்கில் சேர்க்கவில்லை. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய டிரிங்கோமலி, 38 பீரங்கிக் கப்பல் என்ற கணக்கில் தொடங்கி, விதி மாறியதும் 46 ஆனது. அதற்காகக் கப்பல் வளர்ந்துவிடவில்லை.

சரி, லாக்குக்கு வருவோம். ஒவ்வொரு பக்கத்திலும் மணி, வேகம், திசை, காற்று என்று கட்டங்கள். பக்கத்தில் குறிப்புகளுக்கு ஓர் இடம். பல நாள்களில் வானிலையும், எந்தப் பாயைச் சுருட்டினார்கள் என்பதும்தான் இருக்கும். அந்த வறட்சிக்கு நடுவே, டிரஃபால்கர் கடற்போர் நாளில் விக்டரியின் லாக் நெல்சனின் மரணத்தை ஒரே வாக்கியத்தில் முடிக்கிறது: நாலரை மணி வரை அங்கங்கே சுட்டுக்கொண்டிருந்தார்கள், வெற்றிச் செய்தியை நெல்சன் பிரபுவிடம் தெரிவித்தார்கள், அப்புறம் அவர் காயத்தால் இறந்தார். உப்புக் காற்றில் நின்று எழுதியவருடைய மொழி அது. எனக்கு இன்றும் அதைப் படித்தால் தொண்டை அடைக்கிறது.

கேப்டன் லாக், மாஸ்டர் லாக் இரண்டும் கிடைத்தால் மாஸ்டருடையதை எடுங்கள். கப்பலை ஓட்டும் பொறுப்பு அவருடையது. கேப்டன் லாக் பல சமயம் அதைப் பார்த்து எழுதிய படிதான், சம்பளம் வாங்க லாக்கை ஒப்படைத்தாக வேண்டும் என்பதால்.

லாக்கில் ஆளைக் கவிழ்ப்பது தேதி. கப்பலின் நாள் நண்பகலில் தொடங்கும், அதுவும் ஊர்க் கணக்குக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னதாகவே. நம் கரையிலேயே உதாரணம் உண்டு. 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் சுஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. காலை 11 மணியை ஒட்டிச் சண்டை தொடங்கியது. பன்னிரண்டரை வாக்கில் கடற்காற்று திரும்பி இரண்டு அணிகளையும் கலைத்துவிட்டது. கப்பல் கணக்கில் சண்டையின் முதல் பாதி 6ஆம் தேதி, காற்று திரும்பியது 7ஆம் தேதி. இது தெரியாமல் தேடினால் பாதிச் சண்டை காணாமல் போகும். இந்தக் கணக்கை மாற்றும் உத்தரவு 1805 அக்டோபரில்தான் வந்தது.

மஸ்டர் வேறு மாதிரி. சாலை வேலை, ஏரி வேலைக்கு மஸ்டர் ரோல் போடுவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். யார் எப்போது வந்தார், எப்போது போனார், எவ்வளவு பிடித்தம். 1760களின் நடுவிலிருந்து வயதும் பிறந்த ஊரும் சேர்கின்றன. உடைக்குப் பிடித்தம், புகையிலைக்குப் பிடித்தம். இறந்தவருடைய துணிகளை ஏலம் விட்டு, வாங்கியவர் சம்பளத்தில் கழிக்கவும் தனிக் கட்டம் உண்டு. நேற்று வரை பக்கத்துத் தொங்கு படுக்கையில் கிடந்தவனுடைய சட்டையை இன்று இன்னொருவன் போட்டுக்கொண்டு பாய்மரம் ஏறியிருக்கிறான். அந்த ஒரு கட்டம் சொல்வதை எந்த லாக்கும் சொல்லாது. கடைசியில் ஓரிரு எழுத்துக் குறி: டி என்றால் விடுவிக்கப்பட்டவர், டிடி என்றால் இறந்தவர், ஆர் என்றால் ஓடிப்போனவர்.

மஸ்டரிலும் பொய் உண்டு. விதவைகள் நிதிக்காகச் சேர்த்த, இல்லவே இல்லாத கற்பனை ஆட்களின் பெயர்கள் சம்பளப் பட்டியலில் இருக்கும். செல்வாக்குள்ள வீட்டுப் பையன்கள் கப்பலில் கால் வைக்காமலேயே பெயர் ஏறியிருப்பார்கள். பின்னாளில் புகழ்பெற்ற கடற்படை அதிகாரி தாமஸ் காக்ரேனின் பெயரைச் சிறு வயதிலேயே அவருடைய சித்தப்பா இப்படிச் சேர்த்துவிட்டார். ஆனால் பணத்துக்காகச் சொன்ன பொய் என்பதால் அதன் வழி தெரிகிறது, கண்டுபிடிக்கவும் முடிகிறது.

வரைபடங்களை மாதிரிக் கப்பல் செய்பவர்களுக்கே விட்டுவிடலாம். பெரும்பாலும் 48இல் ஒரு பங்கு அளவில், கண் கூசும் அளவுக்கு நுணுக்கமாக இருக்கும். திட்டமிட்டபடியா, கட்டி முடித்தபடியா என்று தலைப்பைப் பார்க்காமல் அளவு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். மரத்தையே தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் ஸ்காட்லாந்தின் டண்டியில் நிற்கும் யூனிகார்ன் கப்பலுக்குப் போங்கள். 1824இல் இறங்கியது, பாய் கட்டாமல் கூரை போட்டே வைத்திருந்ததால் பழைய மரம் நிறையத் தப்பியிருக்கிறது. விக்டரியில் மாற்றிய மரம் அதிகம்.

நான் போகும் வரிசை இதுதான்: மஸ்டரில் ஒருவரைப் பிடித்துக்கொள்வேன். பெயருக்கு எதிரே டிடி இருந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு மாஸ்டர் லாக்கைத் திறப்பேன், அந்தத் தேதியோடு அடுத்த தேதியின் பக்கத்தையும் சேர்த்து.