விண்டோஸ் மாற்றிய பிறகு வீட்டு நெட்: ஒரு வருட அனுபவம்

2024 டிசம்பரில் எங்கள் மும்பை செம்பூர் வீட்டு டெஸ்க்டாப்பில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டேன். விண்டோஸ் 10-ஐ விட்டுவிட்டு விண்டோஸ் 11 ப்ரோவைப் புதிதாக நிறுவினேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்திருந்தது. கடைசி நேரத்தில் ஓட வேண்டாமே என்றுதான் அப்போதே செய்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மெஷின் நன்றாக இருக்கிறது, முன்னைவிட வேகம். படுத்தியதெல்லாம் நெட்தான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த கம்ப்யூட்டர் எனக்காக அல்ல, அம்மாவுக்காக. அம்மா ஆன்லைனில் பாட்டு சொல்லித் தருகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை 6:30-க்கு சிங்கப்பூர்க் குழந்தைகள் ஏழு பேர் வருவார்கள். அங்கே அப்போது மணி ஒன்பது. வாரத்தில் அம்மா மிகவும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வகுப்பு அது. நான் வேலையை ஆரம்பித்தது அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

நிறுவல் பாதி வரை சுமுகமாகப் போனது. அப்புறம் 'நெட்வொர்க்குடன் இணையுங்கள்' என்ற திரையில் நின்றுவிட்டது. பட்டியலில் ஒரு வைஃபை பெயர்கூட இல்லை. எங்கள் டெஸ்க்டாப்பில் வைஃபை வருவது யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் என்ற குட்டிக் கருவி வழியாக. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் விண்டோஸுடன் வருவதில்லை. டாங்கிளோடு கொடுத்த குட்டி சிடியில் இருக்கிறது. சிடி போட மெஷினில் டிரைவ் கிடையாது. சரி என்று ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங் போட்டேன். இது நல்ல வழி. விண்டோஸ் போனை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்கிறது, தனி டிரைவர் கேட்பதில்லை. திரை நகர்ந்தது, ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும் இடத்தில் ஏதோ பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. மூன்று முறை முயன்றேன். கடைசியில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் 'பைபாஸ்என்ஆர்ஓ' கட்டளை கொடுத்து, நெட் இல்லாமலே உள்ளே போனேன். 2025-இல் வந்த சோதனைப் பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் இந்த வழியை எடுக்கத் தொடங்கிவிட்டது. இனி அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

டெஸ்க்டாப் வந்தது. போன் இணைந்துதான் இருக்கிறது. ஆனால் பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல'. விண்டோஸ் அப்டேட்டில் 80072எஃப்8எஃப் என்ற பிழை எண். போன் டேட்டாதான் சரியில்லை என்று நினைத்து, ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து லேன் கேபிளை அறை வரை இழுத்துச் செருகினேன். அதே செய்தி, அதே எண். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அந்த நேரத்தில் அம்மாவின் போனில் வைஃபை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ரவுட்டரில் கோளாறு இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் நான் ஒரு குண்டூசியை எடுத்து ரவுட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் பத்து விநாடி அழுத்தினேன்.

இந்த ஒரு வருடத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான். கம்ப்யூட்டரில் மட்டும் நெட் வரவில்லை என்றால் ரவுட்டரைத் தொடவே கூடாது. அணைத்துவிட்டுப் போடலாம், அதில் ஒன்றும் போகாது. ரீசெட் அப்படியல்ல, ரவுட்டர் நினைவில் வைத்திருந்த அத்தனையையும் துடைத்துவிடுகிறது. வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமென்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஏரியா கேபிள்காரர் கொடுக்கும் இணைப்பு பிபிபிஓஇ முறையில் வருகிறது. அவர் கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் ரவுட்டருக்குள் இருந்தால்தான் நெட். பல வருடங்களுக்கு முன் போட்டது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து, "என்னடா, என் போன்லயும் வரலையே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் வகுப்பைப் போனிலேயே எடுத்தார். சுருதிப் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏழு சின்னக் கட்டங்களில் எந்தக் குழந்தை தாளத்தை விடுகிறது என்று குனிந்து பார்த்தபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்து மணிக்கு லைன்மேன் வந்தார். தாராவித் தம்பி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆபீஸில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு வாட்ஸாப்பில் யூசர்நேம், பாஸ்வேர்டு வாங்கிப் போட்டார். அப்போதும் ஏறவில்லை. திரும்பவும் போனில் பேசிவிட்டு, "அண்ணே, இந்த ஐடிக்கு வேற மேக் பதிஞ்சிருக்கு. முதல்ல எந்த மெஷின்ல நெட் போட்டீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் நினைவு வந்தது. 2016-இல் இணைப்பு வாங்கியபோது வீட்டில் ரவுட்டரே இல்லை. கேபிள் நேராக ஒரு லேப்டாப்புக்குள் போனது. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பன்னிரண்டு எழுத்து, எண்கள் கொண்ட ஒரு முகவரி உண்டு, அதுதான் மேக். கேபிள்காரர்கள் பலர் அந்த முகவரிக்கு மட்டுமே நெட் விடுவார்கள். பிறகு ரவுட்டர் வாங்கியபோது, அதில் 'மேக் குளோன்' என்ற இடத்தில் லேப்டாப்பின் முகவரியையே போட்டு ஓட்டியிருக்கிறோம். லேப்டாப் பழைய சாமான்காரரிடம் போய்ப் பல வருடமாயிற்று. முகவரி ரவுட்டரில் மட்டும்தான் இருந்தது, அதையும் நான் அழித்துவிட்டேன். புது மேக்கைப் பதிய ஆபீஸ் திறக்க வேண்டும், திங்கள்கிழமை மதியம் ஆகும் என்றார்.

கிளம்பும்போது டெஸ்க்டாப் திரையைப் பார்த்தவர், வலது மூலையில் விரலை வைத்து, "அண்ணே, தேதியைப் பாருங்க. 2018 காட்டுது" என்றார்.

எஸ்எஸ்டி போட நான் மெஷினின் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்திருந்தேன். மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்தது. பிளக்கில் இருந்தவரை தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கியதும் தேதி பின்னால் போய்விட்டது. இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை' என்று ஆயுள் உண்டு. 2018-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு 2024-இன் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் எல்லாப் பக்கமும் மறுத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கு நுழைய விடாததும், அந்த 80072எஃப்8எஃப் பிழையும் அதே காரணம்தான். தேதியைக் கையால் திருத்தினேன். போன் டெதரிங்கில் எல்லாம் திறந்தது. விண்டோஸ் அப்டேட்டே டாங்கிளின் டிரைவரையும் கொண்டுவந்து போட்டது. முதல் நாள் இரவு லேன் கேபிளில் வந்த நெட் நன்றாகத்தான் இருந்தது, ரவுட்டரும் நன்றாகத்தான் இருந்தது. பேட்டரி முப்பது, நாற்பது ரூபாய்ச் சாமான்.

இப்போது யார் கேட்டாலும் முதலில் தேதியைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அப்புறம் பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். கமாண்ட் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால் முகவரி தெரியும். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ரவுட்டர் கொடுத்தது என்று பொருள். 169.254 என்றால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானே போட்டுக்கொண்டது. கேபிளையோ டிரைவரையோ பார்க்க வேண்டும். அடுத்து ரவுட்டரின் முகவரிக்கு 'பிங்', அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. அதற்கடுத்து வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு. எண்ணுக்குப் பதில் வந்து தளத்தின் பெயருக்கு வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. எல்லாவற்றுக்கும் பதில் வந்தும் பிரவுசர் மட்டும் மறுத்தால் என் கதைதான். அந்த இரவு இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஜனவரியில் வேறு தொல்லை. வகுப்பு நடுவில் வைஃபை அறுந்து, அரை நிமிடத்தில் தானே திரும்பும். டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் 'மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம்' என்ற டிக்கை எடுத்தேன். பவர் அமைப்பில் யுஎஸ்பி உறக்கத்தையும் நிறுத்தினேன். பழைய விண்டோஸிலும் இதையெல்லாம் எப்போதோ செய்திருப்பேன்; புதிதாக நிறுவியதில் போய்விட்டது. தினமும் அறுந்தது வாரம் ஒருமுறை என்று குறைந்தது. அம்மாவுக்கு அதுவும் கூடாது. ஒரு குழந்தை சங்கதியை மூன்றாவது முறை முயன்று சரியாகப் பிடிக்கும்போது நெட் போனால், திரும்ப அந்த இடத்துக்கு வர ரொம்ப நேரம் ஆகிறது. லேமிங்டன் ரோட்டில் 15 மீட்டர் கேட்6 கேபிள் வாங்கி, பால்கனி ஓரமாக நிரந்தரமாக இழுத்துவிட்டேன். டாங்கிள் மேசை டிராயருக்குப் போனது. ஓரிடத்தில் நிற்கும் மெஷினுக்கு லேன்தான் சரி, இதில் எனக்கு இனி இரண்டாம் எண்ணம் இல்லை.

கேபிள் போட்ட பிறகும் ஒரு புகார் வந்தது. "டீச்சர், தம்புரா விட்டு விட்டுக் கேக்குது" என்றது ஒரு குழந்தை. அம்மா நெட்டைச் சந்தேகப்பட்டார், நானும்தான். இரண்டு ஞாயிறு கேபிளையே மாற்றி மாற்றிச் செருகினேன். நெட்டில் ஒன்றுமில்லை. ஜூமில் இசைக்காரர்களுக்கென்று 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பு உண்டு. அது இல்லாவிட்டால், விடாமல் ஒரே சீராக ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தம் மாதிரி நினைத்து ஜூம் வடிகட்டிவிடுகிறது. பழைய விண்டோஸில் அதைப் போட்டு வைத்திருந்தோம். மறுபடி போட்டதும் சுருதி திரும்பியது. அந்த வகுப்பில் அம்மா ஐந்து நிமிடம் குழந்தைகளைப் பாடவே விடவில்லை. தம்புராவை மட்டும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ரவுட்டரின் யுஎஸ்பியில் ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தது, அம்மாவின் பழைய பாட்டுப் பதிவுகளோடு. விண்டோஸ் 11 அதைத் திறக்கவில்லை. நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர எங்கள் ரவுட்டருக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டுமே. 2017 இறுதியிலிருந்தே மைக்ரோசாஃப்ட் அதை எடுக்கத் தொடங்கிவிட்டது; புதிதாக நிறுவும் விண்டோஸ் 11 ப்ரோவில் அது தானாக வருவதில்லை. வேண்டுமானால் நாமே போட்டுக்கொள்ளலாம். பல இடங்களில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். நான் போடவில்லை. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல் அந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான் பரவியது. டிஸ்க்கை நேராக டெஸ்க்டாப்பில் மாட்டி அங்கிருந்து பகிர்ந்தேன். நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருந்ததை 'பிரைவேட்' ஆக்கியதும் டிவியில் பாட்டு வந்தது.

ஜூன் மழையில் வேகம் பாதியானது. எங்கள் பிளான் 200 எம்பிபிஎஸ். சோதித்தால் 94-ஐத் தாண்டவில்லை. ஈதர்நெட் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்று இருந்தது. பால்கனிப் பக்கம் இருந்த ஆர்ஜே45 என்ற கேபிளின் செருகு முனையை வெட்டிப் பார்த்தேன். நீலக் கம்பியில் பச்சை பூத்திருந்தது. நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். ஆயிரத்துக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து எட்டுக் கம்பியும் வேண்டும். ஈரம் இரண்டைத் தின்றதும் இணைப்பு அறாமல் நூறுக்கு இறங்கி ஓடியிருக்கிறது. முனையை மாற்றி, இணைப்பை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

2025 அக்டோபரில் எதிர் பிளாட் மாமா தன் கம்ப்யூட்டரையும் மாற்றித் தரச் சொன்னார். இந்த முறை எதையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்தேன்: ரவுட்டரின் இணைப்புப் பக்கம், மேக் குளோன் பக்கம், ஐபிகான்ஃபிக் முழுத் திரை, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பெயர். அந்தக் கார்டின் டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிப் பென் டிரைவில் வைத்தேன். புது சிஆர்2032-ஐயும் கையோடு கொண்டுபோனேன். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்தது. ரவுட்டர் பக்கம் போகவே இல்லை.

எங்கள் வீட்டு யூசர்நேம், பாஸ்வேர்டு, ரவுட்டரின் புது மேக் மூன்றையும் அம்மா தன் பாட்டு நோட்டின் பின் அட்டை உள்பக்கம் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். ரவுட்டர் பழசாகிவிட்டது, வரும் மாதம் மாற்றப் போகிறேன். சனிக்கிழமை இல்லை, ஞாயிறு வகுப்பு முடிந்த பிறகு.